ஆக்டிவ் பேஸ் வாங்கியாச்சு, பெடல் ஏன் கரகரக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பழைய பாசிவ் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டு, பேட்டரி போட்டு வாசிக்கும் ஆக்டிவ் பேஸுக்குப் பலரும் மாறியிருக்கிறார்கள். மாறிய கையோடு, இத்தனை நாள் ஒழுங்காக உழைத்த பெடல்கள் (சத்தத்தின் குணத்தை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டிகள்) தகராறு செய்கின்றன. அதனால் கீபோர்டு, தபேலா கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் பேஸ் வாசிப்பவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். மேடையில் பின்வரிசையில் நின்று பாட்டைத் தாங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறவர்களோ குறைவு. கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் எங்கள் சர்ச்சில் பேஸ் வாசிக்கிறேன். பாசிவ் பேஸோடு ஒரு ஓவர்டிரைவ் பெடல் (சத்தத்தை வேண்டுமென்றே உடைத்துத் தருவது) வைத்திருந்தேன். கெயினை, அதாவது பெருக்கத்தை, கொஞ்சமாக வைத்தால் லேசான கடிப்போடு அழகாக வரும். இப்போது ஃபைவ் ஸ்ட்ரிங் ஆக்டிவ் பேஸ் வாங்கியிருக்கிறேன். அதே பெடலில் கெயினைப் பூஜ்யத்தில் வைத்தாலும் கரகரவென்று உடைகிறது. கடையில் கேட்டால், "ஆக்டிவுக்கு இது ஒத்துவராது, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். பெடலை விற்றுவிடட்டுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: விற்க வேண்டாம் தம்பி. பெடலிலும் பழுது இல்லை, பேஸிலும் பழுது இல்லை. இரண்டுக்கும் நடுவில் அளவு தப்புகிறது, அவ்வளவுதான்.

பாசிவ் பேஸில் காந்தமும் செம்புக் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப் இருக்கும், அதற்குப் பிறகு வால்யூம், டோன். வேறு ஒன்றும் கிடையாது. கம்பி அதிரும்போது என்ன மின்சாரம் பிறக்கிறதோ அதுதான் கேபிளில் போகும். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ் இப்படிப்பட்டதுதான். ஆக்டிவ் பேஸில் பிக்கப்புக்கும், கேபிள் செருகும் ஜாக்குக்கும் நடுவே ஒரு சின்ன ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடி சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) உட்கார்ந்திருக்கும். கலிஃபோர்னியாவில் அலெம்பிக் என்ற பட்டறை எழுபதுகளின் தொடக்கத்திலேயே இதைக் கைவேலையாகச் செய்துகொடுத்தது. 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்த பிறகு இது பரவலானது. அந்த ப்ரீஆம்ப் முக்கியமாக இரண்டு காரியம் செய்கிறது. நீளமான கேபிளையும் வரிசையான பெடல்களையும் தாங்கும்படி சிக்னலைத் தெம்பாக அனுப்புகிறது. கூடவே லோ, மிட், டிரெபிளை (கீழ், நடு, மேல் ஒலிகளை) குறைக்க மட்டுமல்ல, ஏற்றவும் வழி தருகிறது. உங்கள் தகராறு அந்த ஏற்றுகிற இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 6 டெசிபல் ஏற்றினால் வோல்டேஜ் இரண்டு மடங்கு. 12 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு. பல ப்ரீஆம்ப்களில் லோ நாபை முழுக்கத் திருகினால் 12 டெசிபல் வரை ஏறும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். பிக்கப்பிலிருந்து உச்சத்தில் அரை வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய பிறகு கீழ் சுரங்களில் அது 2 வோல்ட் ஆகிவிடும். சிக்னல் மேலேயும் கீழேயும் ஆடுவதால் அதற்கு மொத்தம் 4 வோல்ட் இடம் வேண்டும். ஸ்லாப் அடித்தால், அதாவது கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசித்தால், இன்னும் அதிகம். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் ஆட இருக்கும் இடமோ 9 வோல்ட்டுக்கும் குறைவு. குடத்துத் தண்ணீரை டம்ளரில் கவிழ்த்த கதைதான்.

இன்னொரு விஷயம், கெயினைப் பூஜ்யத்தில் வைத்தால் பெடல் பெருக்குவதை நிறுத்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டியூப் ஸ்க்ரீமர் என்ற கிட்டார் ஓவர்டிரைவ் ரகப் பெடலில் டிரைவ் (கெயின்) நாப் அடிமட்டத்தில் இருந்தாலும் மிட், டிரெபிளில் கிட்டத்தட்ட 12 மடங்கு பெருக்கம் இருக்கும். மெலிந்த சிக்னலுக்காக வைத்த பெருக்கம் அது. உங்கள் பேஸ் ஏற்கெனவே கொழுத்த சிக்னலைத் தள்ளுகிறது.

இனி இதைச் செய்யுங்கள். முதலில் பெடலை ஓரமாக வைத்துவிட்டு, பேஸை நேராக ஆம்பில் செருகுங்கள். பேஸில் உள்ள லோ, மிட், டிரெபிள் நாப்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். பெரும்பாலான ஆக்டிவ் பேஸில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், விரலுக்கு "டக்" என்று தட்டுப்படும். அங்கே நிறுத்துங்கள். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. (எல்லா பேஸிலும் இந்தப் பள்ளம் இருக்காது. சில ப்ரீஆம்ப்களில் லோ நாப் ஏற்றுவதற்கு மட்டுமே. அப்படியிருந்தால் கூடவே வந்த தாளைப் படித்துக்கொள்ளுங்கள்.) என் மேசைக்கு "பெடல் ரிப்பேர்" என்று வரும் பேஸ்களில் லோவும் டிரெபிளும் கடைசி வரை திருகியிருப்பதுதான் வழக்கம். கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது அது பிரமாதமாகக் கேட்கும், அப்படியே வீட்டுக்கு வந்துவிடும்.

நாப்கள் நடுவில் இருக்கும்போது பெடலைச் செருகுங்கள். சர்ச்சில் நீங்கள் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அவ்வளவு பலமாக கீழ் பி கம்பியில் வாசியுங்கள். இன்னும் உடைந்தால் பேஸின் வால்யூமை முக்கால் அளவுக்கு இறக்குங்கள். பாசிவ் பேஸில் வால்யூமை இறக்கினால் டிரெபிளும் சேர்ந்து மங்கும், அதனால்தான் அதை முழுக்கத் திறந்தே வாசித்துப் பழகியிருப்பீர்கள். ஆக்டிவில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. தயங்காமல் இறக்குங்கள். அதன் பிறகு பெடலின் லெவல் நாபைத் திருகி, ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பத்துப் பேரில் ஒருவர்கூடச் செய்வதில்லை. சத்தம் ஏறினாலே நன்றாக இருக்கிறது என்று காது ஏமாந்துவிடும். அளவைச் சமமாக்கிய பிறகுதான் பெடல் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியும்.

லோ உங்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்றால் அதைப் பெடலுக்குப் பிறகு, ஆம்பில் ஏற்றுங்கள். பெடலுக்கு முன்னால் ஏற்றினால் சேறாகத்தான் வரும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பேஸின் பின்பக்கம் இரண்டு பேட்டரி இருந்தால் அது 18 வோல்ட் ப்ரீஆம்பாக இருக்கக்கூடும். பேஸுக்குள் சிக்னல் உடையாமல் பெரிதாக ஆட இடம் கிடைக்கும், ஸ்லாப் அடிப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பெரிய ஆட்டம் முழுவதையும் 9 வோல்ட் பெடல் வாங்கிக்கொள்ள முடியாது. அப்போது நான் சொன்ன நிதானம் இரண்டு பங்கு தேவை. அதற்காகப் பெடலுக்கும் 18 வோல்ட் அடாப்டர் போட்டுப் பார்க்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். பெடலின் மேல் 18 என்று அச்சிட்டிருந்தால் ஒழிய, உள்ளே இருக்கும் ஐசியும் கப்பாசிட்டரும் போய்விடும்.

கேள்வி: சார், லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிறேன். ராக் பாணிப் பாட்டு வரும்போது ஓவர்டிரைவ் போடுகிறேன். ரூமில் தனியாகக் கேட்டால் மிரட்டுகிறது. மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் பேஸே காணாமல் போகிறது. பேஸில் லோ நாபை முழுக்க வைத்தும் திரும்பி வரவில்லை.
— வாசகர், திருச்சி

பதில்: கிட்டாருக்குச் செய்த ஓவர்டிரைவ் லோவை வேண்டுமென்றே வடிகட்டுகிறது. டியூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொண்டால், சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அதன் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். கிட்டாரில் அது சரி, கொழகொழப்பு இல்லாமல் மிட் முன்னால் வரும். பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஃபைவ் ஸ்ட்ரிங்கின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். உங்கள் சுரத்தின் உடம்பு முழுவதும் அந்த வடிகட்டலுக்குக் கீழேதான் இருக்கிறது. ரூமில் தனியாக வாசிக்கும்போது மேலே உள்ள இரைச்சல் காதை நிறைத்துவிடும், குறை தெரியாது. மேடையில் அந்த மேல் பகுதியைக் கீபோர்டும் சிம்பலும் எடுத்துக்கொண்டுவிடும்.

பேஸில் லோவை முழுக்க ஏற்றி இதைச் சமாளிக்க முடியாது. முதல் கடிதத்துக்குச் சொன்ன கணக்கு இங்கேயும் வரும். லோதான் மிகப் பெரிய அலை, அது கூடினால் கரகரப்புதான் கூடும்.

தீர்வு, சுத்தமான சிக்னலையும் உடைந்த சிக்னலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் கலப்பது. பேஸுக்கென்று வரும் பெடல்களில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். பாஸ் (Boss) கம்பெனியின் ஓடிபி-3-இல் பேலன்ஸ் என்று ஒரு நாப் இருக்கிறது. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் பிக் மஃபில் 'டிரை' என்று ஒரு சுவிட்ச். அதன் டீலக்ஸ் வடிவத்தில் கலவைக்குத் தனி நாபும், ஆக்டிவ் பேஸுக்காகச் சிக்னலை 10 டெசிபல் இறக்கும் சுவிட்சும் உண்டு. பேலன்ஸை எங்கே வைப்பது என்று கேட்டால், டிரம்ஸ் ஓடும்போது வையுங்கள் என்பேன். சுத்தமான பக்கத்தில் தொடங்கி, கிக் டிரம் அடிக்கும்போது கூடவே கடிப்பு கேட்கும் இடம் வரை மெல்லத் திருகுங்கள். அங்கே நிறுத்திவிட வேண்டும். தனியாக வாசித்துப் பார்த்தால் "இவ்வளவு குறைவா" என்று தோன்றும், கை துறுதுறுக்கும். தொடாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கி, இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல் (ஓவர்டிரைவைவிடக் கடுமையாக உடைப்பது) ஒன்றை நானே கட்டினேன். நண்பனின் சாதாரண பேஸில் இனிமையாக இருக்கிறது, வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகவும் ஆகிறது. என் ஆக்டிவ் பேஸில் கிறீச்சென்று கத்துகிறது, வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகவில்லை. சர்க்யூட்டில் எங்கே தப்பு செய்தேன்?
— வாசகி, மதுரை

பதில்: எங்கேயும் தப்பு செய்யவில்லை அம்மா. படித்துக்கொண்டே சொந்தமாகப் பெடல் கட்டுகிறீர்கள் என்பதைப் படித்து மனம் நிறைந்தது. உங்கள் கேள்விதான் இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்கள் கட்டியது 1966-இல் இங்கிலாந்தில் வந்த ஃபஸ் ஃபேஸ் குடும்பம். வழக்கமான பெடல்களின் வாசலில் 500 கிலோ ஓம், 1 மெகா ஓம் என்று பெரிய தடை இருக்கும், பிக்கப்பை அது தொந்தரவு செய்யாது. ஃபஸ் ஃபேஸின் வாசலில் இருப்பதோ சில கிலோ ஓம்தான். அதனால் பாசிவ் பிக்கப்பின் கம்பிச்சுருளும் வால்யூம் நாபும் அந்தச் சர்க்யூட்டின் உறுப்பாகவே ஆகிவிடுகின்றன. சுருள் தானே டிரெபிளைக் கொஞ்சம் மங்கவைக்கிறது. வால்யூமைக் குறைத்தால் நடுவில் தடை ஏறி, முதல் டிரான்சிஸ்டருக்குள் போகும் மின்னோட்டம் சட்டென்று குறைந்து, சத்தம் சுத்தமாகிறது. உங்கள் ஆக்டிவ் பேஸில் பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே ப்ரீஆம்ப் நிற்கிறது. அதன் வெளித்தடை மிகக் குறைவு. பெடல் எவ்வளவு மின்னோட்டம் இழுத்தாலும் அது சளைக்காமல் கொடுக்கும். அந்தக் கத்தல் அங்கிருந்துதான் வருகிறது.

காணாமல் போன தடையை நீங்களே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு 47 கே (கிலோ ஓம்) ப்ரீசெட், அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருகி மாற்றும் தடை, வாங்கிக்கொள்ளுங்கள். பெடலின் இன்புட் ஜாக்கிலிருந்து முதல் கப்பாசிட்டருக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, ஒரு முனையை ப்ரீசெட்டின் நடுக்காலிலும் மறு முனையை ஓரக்காலிலும் சால்டர் செய்யுங்கள். மிஞ்சிய காலை நடுக்காலோடு சேர்த்துவிடுங்கள், உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் சிக்னல் முழுதாக அறுந்துபோகாது. பேஸை முழு வால்யூமில் வைத்து வாசித்துக்கொண்டே சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகுங்கள். 10 கே பக்கத்தில் கத்தல் தணியத் தொடங்கும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற உருண்டு வரும், கொஞ்சம் சத்தமும் குறையும். பிடித்த இடத்தில் விட்டுவிடலாம். வாசிக்கும்போதே மாற்ற ஆசை என்றால் ப்ரீசெட்டுக்குப் பதில் நாப் போட்டு வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

உங்கள் பேஸில் ஆக்டிவ்/பாசிவ் சுவிட்ச் இருந்தால், ஃபஸ் வாசிக்கும் பாட்டுக்கு மட்டும் பாசிவுக்கு மாற்றினாலும் போதும். ஈஎம்ஜி கம்பெனி பிக்கப் மாதிரி, பிக்கப்புக்குள்ளேயே ப்ரீஆம்ப் வைத்த வகையில் அந்த வழி கிடையாது, ப்ரீசெட்தான்.

ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்டுப் பழைய முறையில் கட்டியிருந்தால், அதில் பாசிட்டிவ்தான் எர்த். அந்தப் பெடலை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டோ-வா பெடல் என் ஆக்டிவ் பேஸில் "வா" என்று வாய் திறந்தபடியே நிற்கிறது, மூடுவதே இல்லை. ஆக்டேவ் பெடலில் கீழ் சுரங்கள் தள்ளாடுகின்றன. எதை முதலில் வைப்பது?
— வாசகர், கோவை

பதில்: ஆட்டோ-வா நீங்கள் எவ்வளவு பலமாக மீட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் திறந்து மூடுகிறது. ஆக்டிவ் சிக்னலுக்கு மெதுவாக மீட்டினாலும் பலமாக மீட்டியதாகவே அது எடுத்துக்கொள்கிறது. சென்சிட்டிவிட்டி நாபை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாக ஏற்றுங்கள். கம்ப்ரெசர் (பலமான சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்தும் பெடல்) வைத்திருந்தால் அதை ஆட்டோ-வாவுக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் பலமும் மெதுவும் ஒன்றாகிவிடும், பெடலுக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆக்டேவ் கதை வேறு. பழைய அனலாக் ஆக்டேவ், உதாரணமாக 1982-இல் வந்த பாஸ் ஓசி-2, ஒரே ஒரு சுரத்தை அடையாளம் கண்டு அதை ஒரு ஸ்தாயி, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கிக் கொடுக்கும். ஏ கம்பிக்குக் கீழே அது தடுமாறுவது இயல்பு. ஈ கம்பியில் சுமார் 20 ஹெர்ட்ஸைக் கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது, எந்த மேடை ஸ்பீக்கரும் அதை ஒழுங்காகத் தராது. ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே, நெக் பிக்கப்பில், டிரெபிளை இறக்கி வாசியுங்கள். மேல் அதிர்வுகள் குறைந்தால் பெடல் சுரத்தைச் சரியாகப் பிடிக்கும். இதன் முன்னால் கம்ப்ரெசர் வைப்பது உதவும். எண்பதுகளில் பேஸ் கலைஞர் பினோ பல்லடினோ ஃபிரெட் இல்லாத ஸ்டிங்ரேயையும் ஓசி-2-ஐயும் சேர்த்து வாசித்த வாசிப்பு இன்றும் பேஸ் மாணவர்களுக்குப் பாடம். அவர் கையிலிருந்ததும் ஆக்டிவ் பேஸ்தான். ஆக்டிவும் பெடலும் சேராது என்று யாராவது சொன்னால் அந்த வாசிப்பைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆக, ஆட்டோ-வா இல்லாத பாட்டுக்கு கம்ப்ரெசர், ஆக்டேவ், டிரைவ் என்ற வரிசை. ஆட்டோ-வா இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால்.

கேள்வி: வணக்கம் அண்ணை. கச்சேரிக்கு முதல் கிழமைதான் புதுப் பற்றரி போட்டனான். பாட்டுக்கு நடுவிலே சத்தம் கரகரத்து இறங்கிப் போச்சு. முதலிலே பெடல் பழுது எண்டுதான் நினைச்சம். கிட்டாரிலே ஆன் ஆஃப் சுவிட்ச் ஒண்டும் இல்லை. பற்றரி எப்படி இறங்குது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சுவிட்ச் இருக்கிறது தம்பி, ஜாக்குக்குள் ஒளிந்திருக்கிறது. ஆக்டிவ் பேஸின் ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்று காது தெரியும், அது ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் கறுப்பு ஒயர் நடுக் காதில் பற்றவைத்திருக்கும். சாதாரண கிட்டார் கேபிளின் பின்னில் தண்டு முழுவதும் ஒரே உலோகம். அதைச் செருகியதும் நடுக் காதும் எர்த் காதும் ஒன்றாகி, ப்ரீஆம்ப் விழித்துக்கொள்ளும். அதாவது கேபிள் செருகியிருக்கும் நேரம் முழுவதும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பேட்டரி இறங்குகிறது. ஒத்திகை முடிந்து கேபிளோடு சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் ஒரு வாரத்தில் பேட்டரி பலவீனமாவது சகஜம். ஒரு நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். ஒரு மில்லி ஆம்பியர் இழுக்கும் ப்ரீஆம்புக்கு அது சில நூறு மணி நேரம் வரும், கேபிளைக் கழற்றும் பழக்கம் இருந்தால்.

மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். புது ஆல்கலைன் 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். 8-க்குக் கீழே போனால் முக்கியமான கச்சேரிக்கு அதை நம்ப வேண்டாம். மலிவான கார்பன் பேட்டரி சீக்கிரம் இறங்குவதோடு, கசிந்து பெட்டியின் கிளிப்பையும் அரித்துவிடும். யூஎஸ்பியில் சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரிகளில் உள்ளே வோல்டேஜை மாற்றும் சர்க்யூட் இருப்பதால் சிலவற்றில் மெல்லிய விசில் சத்தம் வரும், வாங்கும் முன் பேஸில் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெடலா பேட்டரியா என்ற சந்தேகம் வந்தால் பேஸை நேராக ஆம்பில் செருகினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: கோயில் கொடைக்கு ஜெனரேட்டரில் கச்சேரி. பெடல்போர்டு வைத்தால் ஒரே ஹம்மிங். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று ஷாக் வேறு. ஒலிபெருக்கிக்காரர் ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார். ஹம்மிங் நிற்கும் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கூடாது. எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும் கூடாது. ஹம்மிங் நிற்கக்கூடும், கூடவே உங்கள் உயிருக்கு இருக்கும் காவலும் போய்விடும். பெரும்பாலான பேஸ்களில் கம்பிகளைத் தாங்கும் உலோக பிரிட்ஜிலிருந்து ஒரு ஒயர் எர்த்துக்குப் போகிறது. அதாவது நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகள், கேபிள் வழியாக, பெடல்கள் வழியாக, ஆம்பின் உலோகப் பெட்டியோடு ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஆம்புக்குள் ஒரு ஒயர் உருகிப் பெட்டியில் பட்டால், எர்த் பின் இருந்தால் ஃபியூஸ் போகும். பின் இல்லை என்றால் 230 வோல்ட் கம்பிக்கு வரும். கை கம்பியில், உதடு மைக்கில். இதில் மேடையிலேயே இறந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

உங்களுக்கு மைக்கில் ஷாக் அடிக்கிறது என்பதே ஆம்பின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் ஒன்றில்லை, அல்லது இரண்டில் ஒன்று இல்லவே இல்லை என்பதற்கு அடையாளம். கச்சேரிக்கு முன் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ஜெனரேட்டருக்கு எர்த் ராடு அடித்திருக்கிறதா, அது ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் வந்து சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேடைக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். ஆம்ப், பெடல் அடாப்டர், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். சரியாகும் வரை வாசிக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள்.

அதன் பிறகும் ஹம்மிங் மிச்சமிருந்தால் பேஸ் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. ஹம்மிங் இல்லாமல் மெல்லிய "கீ" என்ற சத்தம் வந்தால் அது வேறு வியாதி. டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டியிருப்பீர்கள். டிஜிட்டலுக்குத் தனி அடாப்டர், அல்லது ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்கினால் தீரும்.

கேள்வி: வாடகை ஆம்பில் 'பாசிவ்', 'ஆக்டிவ்' என்று இரண்டு வாய் இருக்கிறது. நடுவில் பெடல் இருந்தால் எதில் செருகுவது?
— வாசகர், புதுச்சேரி

பதில்: ஹார்ட்கி எச்ஏ 3500 ஆக இருக்கலாம், அதில் அப்படித்தான் இருக்கும். ஆம்பெக் எஸ்விடி-சிஎல்லில் அதையே 0 டெசிபல், மைனஸ் 15 டெசிபல் என்று எழுதியிருப்பார்கள். ஆக்டிவ் வாய் சிக்னலை இறக்கி வாங்கிக்கொள்கிறது, வேறு மந்திரம் இல்லை. ஆம்புக்குத் தெரிவது வரிசையின் கடைசிப் பெடலிலிருந்து வருவது மட்டும்தான், உங்கள் பேஸ் என்ன வகை என்பது அதற்குத் தெரியாது. பாசிவ் வாயில் செருகி, பெடல்களை ஆன் செய்து, உள்ளதிலேயே பலமாக வாசியுங்கள். ஆம்ப் உடைந்தால் ஆக்டிவ் வாய்க்கு மாற்றுங்கள். தப்பான வாயில் செருகியதால் ஒன்றும் எரிந்துவிடாது.

கேள்வி: ஆக்டிவ் பேஸ் இருக்கிறது. ஒரே ஒரு பெடல் வாங்கத்தான் பணம் இருக்கிறது. எது வாங்கட்டும்?
— வாசகி, சேலம்

பதில்: கம்ப்ரெசர். பேஸிலேயே லோ, மிட், டிரெபிள் இருப்பதால் ஈக்யூ பெடல் உங்களுக்கு அவசரமில்லை. டிரைவ் எல்லாப் பாட்டுக்கும் வராது. கம்ப்ரெசர் ஒவ்வொரு பாட்டுக்கும் உழைக்கும், ஆக்டிவ் பேஸில் ஸ்லாப் அடிக்கும்போது எகிறும் உச்சங்களையும் பிடித்துவைக்கும். எம்எக்ஸ்ஆர் எம்87 மாதிரி, எவ்வளவு அமுக்குகிறது என்று விளக்கு வரிசையில் காட்டும் பெடலாகப் பாருங்கள், கற்றுக்கொள்ளச் சுலபம். அவ்வளவு விலை முடியாது என்றால் ஜூம் பி1 ஃபோர் ஒன்று பழையதாகத் தேடுங்கள். அதற்குள் கம்ப்ரெசரும் ட்யூனரும் இருக்கின்றன, டிரைவும் ஆக்டேவும்கூட உண்டு. அதற்கான அடாப்டரையே கேட்டு வாங்குங்கள்: 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ், 500 மில்லி ஆம்பியர். வாங்கப் போகும்போது உங்கள் பேஸையே எடுத்துக்கொண்டு போய், நாப்களை நடுப்பள்ளத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.